எண்பது லிட்டர் பாலும் இரண்டு சம்பந்திகளும்

காலை ஐந்தே கால் மணி. ஏற்காட்டில் நாகலூர் சாலை பிரியும் இடத்தில், பூட்டிக் கிடந்த தையல் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். காலடியில் காலிக் கேன்கள். எதிர்ப்பக்கத்து மின்கம்பத்தின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. கம்பத்தைப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது.

தூறல் கேன் மூடிகளில் விழுந்து சத்தம் செய்தது. அந்தச் சத்தத்துக்கு அப்பால் வண்டிச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக ஐந்து இருபதுக்கு ஒரு வண்டி வரும். ஐந்தரைக்கு இன்னொன்று. முதல் வண்டி என் மனைவியின் அண்ணன் சலீம் மச்சானுடையது. சேலத்தில் பாக்கெட் பால் ஏற்றி, அடிவாரம் வழியாக மலை ஏறும். இரண்டாவது வண்டி அப்பாஸ் மாமாவுடையது. அவர் எங்களுக்குத் தூரத்து உறவு. குப்பனூரைச் சுற்றியுள்ள வீடுகளில் கறந்த பாலைக் கேனில் ஊற்றிக்கொண்டு இன்னொரு சாலை வழியாக வருவார். ஆளுக்கு நாற்பது லிட்டர். அந்த எண்பது லிட்டரை ஆறரை மணிக்குள் நாகலூர் சாலையில் இருக்கும் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் நான் இறக்க வேண்டும். என் பிழைப்பே அதுதான்.

ஐந்தரை ஆயிற்று. ஒரு வண்டியும் வரவில்லை.

அன்றைக்குச் சலீம் மச்சானின் மகளுக்கும் அப்பாஸ் மாமாவின் மகனுக்கும் சேலத்தில் நிக்காஹ்.

கூச்சக்காரனின் தொழில்

போன வாரம் இந்தப் பத்தியில் என் அப்பாவின், எங்கள் பேச்சில் அத்தாவின், டீக்கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "யாரையும் முகம் பார்த்துப் பேச வராது என்கிறீர்கள். பிறகு எப்படி வியாபாரம் செய்கிறீர்கள்?"

பால் வியாபாரத்தில் பேச வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். நிறைந்த கேன் வருகிறது, தூக்கி வைக்கிறோம். காலிக் கேன் வருகிறது, திருப்பித் தருகிறோம். பால் நன்றாக இருந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. கெட்டுப்போனால் அவர்களே பேசுவார்கள். நான் கேட்டுக்கொண்டால் போதும்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தேன். ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்பது என் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தும் பாதி நாட்கள் நான் வராததாகவே பதிவாகியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு வீட்டில் வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் நான் நின்றது வகுப்பில் உடனே யாருக்கும் தெரிந்திருக்காது.

அத்தாவிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒரு விடுமுறை நாளில் சுற்றுலா வந்த கூட்டம் கடை வாசலில் நிற்கும்போது எங்களுடைய ஒரே கெட்டிலின் அடியில் ஓட்டை விழுந்தது. வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அடுத்த வாரமே அத்தா எல்லாவற்றிலும் இரண்டு வாங்கினார். கெட்டில் இரண்டு. வடிகட்டி இரண்டு. சர்க்கரை டப்பா இரண்டு. ஒன்று போனால் இன்னொன்று.

நானும் அதையே செய்தேன். இரண்டு ஆள், இரண்டு வண்டி, இரண்டு சாலை. அடிவாரம் சாலையில் மண் சரிந்தால் அப்பாஸ் மாமா எண்பது லிட்டரையும் குப்பனூர் வழியாகக் கொண்டுவந்துவிடுவார். அவர் வண்டி படுத்துக்கொண்டால் சலீம் மச்சான் எண்பதும் கொண்டுவருவார். முந்தின நாள் சாயங்காலம் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

ஜமீலா போட்ட சுழி

இந்த வருடம் விடுதிக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். வந்த வேகத்தில் அரிசி, காய்கறி, கேஸ், பால் கொண்டுவருகிறவர்கள் அத்தனை பேரையும் அழைத்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். உங்கள் பொருள் எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவருகிறார், எந்தெந்தக் காரணத்தால் வராமல் போகலாம், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதித் தர வேண்டும். வாய்ப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்.

மற்றவர்கள் அங்கேயே ஏதோ நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்கள். நான் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி ஜமீலா பத்தாவது வரை படித்தவள். அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"மண்ணு சரிஞ்சு ரோடு அடைஞ்சா?"

"மூணு போடு."

"வண்டி ரிப்பேரானா?"

"ரெண்டு."

"பாலு திரிஞ்சுபோனா?"

"ஒண்ணு."

"கொண்டாற ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல முடியாமப் போனா?"

"அது எப்புடிப் போகும்? ஒருத்தரு சேலம், ஒருத்தரு குப்பனூரு."

"கேட்டிருக்காங்க. என்ன போடட்டும்?"

"சுழி போட்டுரு."

போட்டாள்.

மேடம் அதைப் படித்தபோது அந்தச் சுழியைப் பென்சிலால் சுற்றினார். "ஒண்ணுலேர்ந்துதானே இருக்கு பாய். சுழி எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் அவருடைய மேசையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இங்க சின்னப் பிள்ளைங்க காலையில பாலும் பிரெட்டும் சாப்பிட்டுட்டுத்தான் கிளாசுக்குப் போகுது. ஒரு நாள் பால் வரலைனா அடுத்த நாள்லேர்ந்து சேலத்துக் கம்பெனி வரும். குளிர்வண்டி வெச்சிருக்காங்க. அவங்களுக்கு லெட்டர் டைப் அடிச்சு வெச்சாச்சு, தேதி மட்டும்தான் போடணும்."

மிரட்டுவதுபோல் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது.

நான் பேசிய ஒரு பேச்சு

இதற்குக் கொஞ்ச நாள் கழித்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் சலீம் மச்சான் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். "புள்ளைக்கு எடம் பாக்கோணும் மாப்ளே. நல்ல பையனா ஒண்ணும் தெகைய மாட்டேங்குது" என்றார்.

நான் சொன்னேன்: "அப்பாஸ் மாமா பையன் இருக்கறானே."

என்ன தோன்றிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. ஜமீலா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நானாக ஒரு விஷயத்தை எடுத்துப் பேசி அவள் கேட்டதில்லை.

இரண்டே மாதத்தில் நிச்சயம் ஆகிவிட்டது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "வாயே தொறக்காதவரு தொறந்தாரு, காரியம் முடிஞ்சுபோச்சு" என்று சேலத்தில் கேலி பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். படிவத்தில் நான் தனித்தனி வரியில் எழுதிய இரண்டு பேரை நானே ஒரு வரியாகக் கட்டிவிட்டேன் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

நிச்சயத்துக்கு முன்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். "யோவ் அப்பாஸு, நாளைக்கு எனக்கு முடியாது. ஒழுங்கா எண்பதும் ஏத்திக்கிட்டுப் போயிரு." "உனக்கு என்னைக்குத்தான்யா முடிஞ்சிருக்குது." அவ்வளவுதான், போன் வைக்கப்படும். வேலை நடந்துவிடும்.

நிச்சயத்துக்குப் பிறகு இருவரும் சம்பந்தி. வாங்க, உட்காருங்க, உடம்பு எப்படி இருக்குதுங்க. ஒருவர் உட்காரும்வரை மற்றவர் நிற்பார். போனில் பத்து நிமிடம் வீட்டிலுள்ள எல்லோருடைய நலத்தையும் விசாரிப்பார்கள். பாலைப் பற்றி மட்டும் பேச்சு வராது. பெண் கொடுக்கிறவரும் மாப்பிள்ளையின் அத்தாவும் ஒருவருக்கொருவர் வேலை சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஜமீலாவைக் கொண்டுபோய் விடச் சேலம் போனேன். நாளைக்குப் பாலை யார் கொண்டுவருவது என்று கேட்டுவிடத்தான் நினைத்தேன். மண்டபத்து வாசலில் சலீம் மச்சான் இரண்டு கையிலும் பூக்கூடையோடு நின்றார்.

"வாங்க மாப்ளே. சாப்டீங்களா?"

"சாப்டேனுங்க மச்சான்."

கல்யாண வீட்டில் போய் அதைக் கேட்கவா என்று இருந்தது. அப்பாஸ் மாமாவும் அங்கேதான் இருந்தார். என் தோளில் கை போட்டு, "நீ மட்டும் இல்லைனா இது நடந்திருக்குமா" என்றார். சிரித்தேன். கடைசி பஸ்ஸைப் பிடித்து மேலே வந்துவிட்டேன்.

ஐந்தே முக்கால்

இன்னும் வண்டி வரவில்லை. மச்சானுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. ஜமீலாவுக்குப் போட்டேன். அவளும் எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் போன் எந்தத் தலையணைக்குக் கீழே கிடக்கிறதோ. மறுபடியும் மச்சானுக்கு. நான்கு முறை, ஐந்து முறை.

ஆறு மணிக்கு அப்பாஸ் மாமாவுக்குப் போட்டேன். எடுத்துவிட்டார். அவர் இரவே குப்பனூர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

"என்ன தம்பி, இன்னேரத்துல?"

"மாமா, பாலு..."

"ஏன், சம்பந்தி அனுப்பலியா? அவரு யாரையாச்சும் ஏற்பாடு பண்ணியிருப்பாருனு..." என்றார்.  "யா அல்லா" என்றதோடு இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு சிக்னலே இல்லை.

 கீழேயிருந்து இனி ஒரு வண்டி கிளம்பினாலும் ஆறரைக்கு வராது.

பேருந்து நிலையத்துப் பக்கமுள்ள பால் கடைக்கு மொபெட்டை விட்டேன். விடுமுறைக் கூட்டம் மலையில் நிறைந்திருந்த நேரம். எல்லா டிரேயும் ஹோட்டல்களுக்குப் பெயர் எழுதி அடுக்கியிருந்தது. கடைக்காரர் பாவம் பார்த்துப் பன்னிரண்டு அரை லிட்டர் பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஆறு லிட்டர்.

இன்னும் எழுபத்து நான்கு.

வேலிக்கு வெளியே

விடுதியைத் தாண்டி நாகலூர் போகும் வழியில், காபித் தோட்டத்துக்கு மேலே சரிவில் ஒரு சிற்றூர் இருக்கிறது. காலம்காலமாக மலையில் விவசாயம் செய்கிறவர்கள். வீட்டுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு. பல வருடமாக அந்தச் சாலையில் போகிறேன். மாடு கறக்கும் சத்தத்தைக்கூடக் கேட்டிருக்கிறேன். அங்கே போய்ப் பால் கேட்டதில்லை. வீடுவீடாகப் போய்ப் பேச வேண்டும் என்பதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

மொபெட்டைச் சாலையில் நிறுத்திவிட்டு இரண்டு கேனோடு மேலே ஏறினேன். செருப்பு வழுக்கியது. முதல் வீட்டின் வேலிக்கு வெளியே போய் நின்றேன். கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை. நாய் குரைத்தது. அது எனக்காகக் கூப்பிட்டதுபோல ஆயிற்று.

கொட்டகையிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். கையில் பால் செம்பு. பெயர் வெள்ளையம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"யாருங்க அது, வேலிக்கு வெளியில நின்னுக்கிட்டு?"

"நாந்தானுங்க. கீழ ஆஸ்டலுக்குப் பாலு ஊத்தறவன்."

"தெரியுது பாய். என்ன வேணும்?"

"பாலு வேணுமுங்க."

அவர் கொட்டகைக்குள் திரும்பி யாரிடமோ சொன்னார். "கேட்டுக்க. பால்காரருக்கே பாலு வேணுமாம்."

உள்ளே ஓர் ஆண் குரல் சிரித்தது.

"எவ்வளவுங்க வேணும்?"

"எழுவத்தி நாலு லிட்டருங்க."

"நல்ல கதை. எங்க ஊரு மாடு மொத்தமும் நின்னு கறந்தாலும் அத்தன வராது." பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார்போல. குரல் மாறியது. "என்னாச்சுங்க?"

"வண்டி வர்லீங்க. பிள்ளைக ஏழு மணிக்குப் பாலு குடிக்கோணும்."

"எத்தன வருசமா இந்த வழியில கேனத் தூக்கிட்டுப் போறீங்க. ஒரு நாளு எங்க ஊட்டுல இருக்குதானு கேட்டதில்ல. இன்னிக்கு வண்டி வர்லீனதும் வழி தெரிஞ்சுதாக்கும்."

சொல்லிக்கொண்டே செம்பிலிருந்ததை என் கேனில் ஊற்றினார். சூடு கேன் வழியாக என் கைக்கு வந்தது.

"மேல பத்துப் பன்னெண்டு ஊடு இருக்குது. டீக்கடைக்குப் போற பாலுதான். இன்னிக்கு ஒரு நாளு அவன் வரக்காப்பி போடட்டும். கூப்புடுங்க, தருவாங்க."

"நீங்க கொஞ்சம் கூப்புட்டுச் சொன்னீங்கனா..."

"எனக்கா வேணும்? உங்களுக்குத்தான வேணும்? நேரமாகுதுல்ல, கூப்புடுங்க."

மேலே பார்த்தேன். பனிமூட்டம். ஒரு வீடுகூடத் தெரியவில்லை. யார் முகமும் தெரியவில்லை. அதுதான் எனக்கு உதவியது என்று நினைக்கிறேன்.

"பாலு வேணுமுங்க" என்று கத்தினேன். குரல் பாதியில் உடைந்தது. மறுபடியும் கத்தினேன். "ஆஸ்டல் பிள்ளைகளுக்குப் பாலு வேணுமுங்க."

 பிறகு மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எவ்வளவுங்க?"

"இருக்கறதக் குடுங்க."

இன்னொரு பக்கத்திலிருந்து, "இருங்க, கன்னுக்கு விட்டுட்டு வாரேன்."

பிறகு செம்போடும் தூக்குவாளியோடும் ஒவ்வொருவராக மூட்டத்திலிருந்து இறங்கி வந்தார்கள். ஊற்ற ஊற்ற மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. எட்டு. பதிமூன்று. இருபது. முப்பத்தொன்றில் நின்றுவிட்டது. கைக்கடிகாரம் ஆறு ஐம்பது காட்டியது.

தலையை ஆட்டினால் போதும்

விடுதிக்குள் நுழையும்போது டம்ளர் சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளைகள் சாப்பாட்டு அறை வாசலில் வரிசையாக நின்று டம்ளரோடு டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் சமையலறைப் படியில் நின்றார்.

"மணி என்ன பாய்?"

"ஏழேகாலுங்க."

"எவ்வளவு இருக்கு?"

"முப்பத்தேழுங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ராத்திரி நல்ல மழை. ரோடு அடைஞ்சிருச்சா?"

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. மலையில் மழை நாளில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். படிவத்திலும் மண் சரிவுக்கு மூன்று என்று போட்டுத்தான் வைத்திருக்கிறேன். என்னைப் போன்ற ஆளுக்கு அதைவிட வசதியான பொய் கிடைக்காது.

டம்ளர் சத்தம் நிற்கவே இல்லை.

"இல்லீங்க. ரோடு நல்லாத்தான் இருக்குது" என்றேன். "பாலு கொண்டாற ரெண்டு பேரும் இன்னிக்குச் சம்பந்தி ஆகறாங்க. அவரு கொண்டாருவாருனு இவரு இருந்துட்டாரு, இவரு கொண்டாருவாருனு அவரு இருந்துட்டாரு. நேத்து நேர்ல பாத்தேனுங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். கேக்கலீங்க."

"கல்யாணம் யாரு பேசி முடிச்சது?"

"நாந்தானுங்க."

மேடம் சமையல்காரரைக் கூப்பிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு முழு டம்ளர், பெரிய பிள்ளைகளுக்குச் சுக்குக் காபி என்றார். பிறகு உள்ளே போய் என் படிவத்தை எடுத்து வந்தார். பென்சில் வட்டத்துக்குள் ஜமீலா போட்ட சுழி அப்படியே இருந்தது.

"இதுக்கு இப்ப என்ன நம்பர் போடலாம்?"

"அஞ்சுங்க."

சுழியை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். "லெட்டர் என் மேசை மேலதான் இருக்கு. நாளைக்கு ஆறரைக்கு எண்பது லிட்டர் வந்துச்சுனா டிராயர்ல போட்டுடறேன். வரலைனா தபால்ல போட்டுடறேன்."

"சரிங்க."

இரண்டு வண்டிகள்

ஒன்பது மணிக்குத் தையல் கடை வாசலில் காலிக் கேன்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அடிவாரத்துப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. சலீம் மச்சான் இறங்கினார். புதுச் சட்டை, அத்தர் வாசனை. பெண்ணைப் பெற்றவர், மகளின் நிக்காஹுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது பால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மிஸ்டு காலப் பாத்ததும் உசுரே போயிருச்சு மாப்ளே. பூ வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எண்பதும் இருக்குது."

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு பக்கமிருந்து அப்பாஸ் மாமாவின் வண்டி வந்தது. அவர் இறங்கினார். புது வேட்டியின் ஓரமெல்லாம் சேறு. "குப்பனூர்ல ஊடுஊடாப் போயித் தட்டி எழுப்பினேன் தம்பி. எண்பதும் இருக்குது."

இருவரும் ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்தார்கள்.

"சம்பந்தி, நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றார் மச்சான்.

"நீங்க எதுக்குங்க வந்தீங்க? பொண்ணோட அத்தா, நீங்க இல்லாம நிக்காஹ் எப்புடி நடக்கும்?"

"சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனே."

"கல்யாண நாளும் அதுவுமா உங்களுக்கு எப்புடிங்க வேலை சொல்றது?"

காலையில் ஒரு சொட்டு இல்லை. இப்போது நூற்று அறுபது லிட்டர். சாயங்காலத்துக்கும் தயிருக்குமாகச் சேர்த்து விடுதியில் எண்பதை வாங்கிக்கொண்டார்கள். மேடம் கையெழுத்துப் போட்டுத் தந்தார். லெட்டர் மேசை மேலேயே கிடந்தது. மீதி எண்பதோடு மூவரும் குப்பனூர் வழியாக இறங்கினோம். நான் மச்சான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஏறி வந்த சுற்றுலா வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனதில், மண்டபத்துக்குப் போகும்போது பதினொன்றரை. நிக்காஹ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இமாம் காத்திருந்தார். ஜமாத்தே காத்திருந்தது.

"ரெண்டு அத்தாவும் எங்கீங்க போனீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"பூ வாங்க" என்றார் மச்சான். பால் கேன்கள் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தன.

அன்றைக்குப் பந்தியில் எல்லோருக்கும் பால் பாயசம் இரண்டு கிண்ணம்.

ஒரு பேர்

பந்தி முடிந்து பெண்ணை அனுப்பி வைக்கும் நேரம். சம்பந்திகள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பெரியவர்கள்.  அந்த லெட்டர் மேடத்தின் மேசை மேல் கிடப்பது கண்ணில் தெரிந்தது. போய் எதிரில் நின்றேன்.

"நாளைக்குப் பாலு யாரு கொண்டாறீங்க?"

 ஜமீலா தூணுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதுக்கென்ன மாப்ளே, பாத்துக்கலாம்" என்றார் மச்சான்.

"நாங்க இருக்கறோமில்ல தம்பி" என்றார் மாமா.

வழக்கமாக அங்கேயே தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். "ஒரு பேரு சொல்லுங்க" என்றேன். "சொல்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

மச்சான் மாமாவைப் பார்த்தார். மாமா மச்சானைப் பார்த்தார். சம்பந்தி முன்னால் தன் பேரைச் சொன்னால் பெருமை பேசியதாகும், அடுத்தவர் பேரைச் சொன்னால் வேலை வாங்கியதாகும். யாரோ இருமினார்கள். நான் நகரவில்லை.

"நான்" என்றார் அப்பாஸ் மாமா கடைசியில்.

மறுநாள் காலை ஐந்து இருபதுக்கு அதே தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். மூட்டம் விலகவில்லை. குப்பனூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் வளைந்து வந்தன. அப்பாஸ் மாமாவின் வண்டி. கேன்களைத் தட்டிப் பார்த்தேன். எண்பதும் இருந்தது. அப்போதுதான் இன்னொரு பக்கக் கதவு திறந்தது. சலீம் மச்சான் இறங்கினார்.

"சம்பந்திய எப்புடித் தனியா அனுப்பறது? அதான் ராத்திரியே குப்பனூருக்குப் போயித் தங்கிட்டேன்" என்று சிரித்தார்.

மூவருமாகக் கேன்களை மாற்றினோம். ஆறரைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அந்த லெட்டர் இனி டிராயருக்குப் போய்விடும். நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் கயிற்றைக் கட்டும்போது ஒன்று தோன்றியது. இந்த ஒரு வண்டி வழியில் நின்றுபோயிருந்தால், இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு வரக் கீழே யார் இருந்தார்கள்?

கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பி, இரண்டு பேரையும் முகம் பார்த்து, அதையும் கேட்டேன்.